இரும்பை உருக்காமலே தாதுவிலிருந்து எடுப்பது எப்படி? பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

இரும்பு ஆலை என்றாலே தகதகவென்று ஓடும் நெருப்புக் குழம்புதான் கண்முன் வரும். பாடப்புத்தகத்தில் இருக்கும் ஊது உலைப் படமும் அதையே காட்டுகிறது. ஆனால் உலகின் பல பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இரும்பு எடுத்தவர்கள் அதை உருக்கவே இல்லை. உருக்காமலே எடுத்த இரும்பில்தான் கலப்பைக் கொழுவும் அரிவாளும் வாளும் செய்தார்கள். இன்றைக்கும் பெரிய பெரிய ஆலைகள் சில இதே வழியில் நடக்கின்றன. இதைச் சொன்னதும் பிள்ளைகள் அடுக்கடுக்காகக் கேட்கும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியும்படி எழுதியிருக்கிறேன். பெரியவர்களும் படிக்கலாம்.

தாது என்பது இரும்புதானே? பிறகு எதற்கு அதிலிருந்து எடுக்க வேண்டும்?

தாது இரும்பு அல்ல. இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து உருவான கல் அது. சேர்ந்தபின் இரண்டின் குணமும் மாறிவிடுகிறது. இரும்பை அடித்தால் நெளியும். தாதுவை அடித்தால் உடைந்து நொறுங்கும்.

ஹேமடைட் என்ற தாது பரவலாகக் கிடைப்பது. பொடித்தால் காவி நிறத்தில் இருக்கும். அதில் இரண்டு இரும்பு அணுக்களுக்கு மூன்று ஆக்சிஜன் அணுக்கள். தூய ஹேமடைட் ஒரு கிலோ எடுத்தால் அதில் 700 கிராம் இரும்பு, 300 கிராம் ஆக்சிஜன். ஆக்சிஜன் என்றால் காற்றில் இருப்பது என்றுதானே நினைப்போம்? இந்தக் கல்லின் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதுதான்.

மேக்னடைட் என்று இன்னொரு தாது. கறுப்பாக இருக்கும், காந்தத்தில் ஒட்டும். சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கஞ்சமலையில் இருப்பது இது. மூன்று இரும்பு அணுக்களுக்கு நான்கு ஆக்சிஜன் அணுக்கள்.

வீட்டில் ஆணி துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். துருவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்: இரும்பு, ஆக்சிஜன், கொஞ்சம் தண்ணீர். இரும்பு எப்போதும் ஆக்சிஜனோடு சேரவே பார்க்கும். இரும்பு எடுப்பது என்றால் அந்த ஆக்சிஜனைப் பிரித்து அனுப்புவது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

நன்றாகச் சூடாக்கினால் தாது உருகி இரும்பு வந்துவிடாதா?

வராது. பெரியவர்களில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

காற்றில் வைத்து ஹேமடைட்டைச் சூடாக்கிக்கொண்டே போங்கள். 1400 டிகிரி செல்சியஸ் அளவில் கொஞ்சம் ஆக்சிஜன் பிரிந்து அது மேக்னடைட் ஆகும். இன்னும் ஏற்றினால், கிட்டத்தட்ட 1600 டிகிரியில் உருகும். ஆனால் உருகி ஓடுவது உருகிய தாது. ஆற வைத்தால் திரும்பவும் கல். அத்தனை விறகும் வீண், ஒரு குண்டூசி அளவு இரும்புகூடக் கிடைக்காது.

ஆக, உருக்குவது வேறு, இரும்பைப் பிரிப்பது வேறு. உருக்கியும் பிரிக்காமல் இருக்கலாம். பிரித்தும் உருக்காமல் இருக்கலாம். நம் முன்னோர் செய்தது இரண்டாவது வேலை.

அப்படியானால் ஆக்சிஜனைப் பிரிப்பது யார்?

மரக்கரி. இன்னும் சரியாகச் சொன்னால், மரக்கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு.

மரக்கரி கிட்டத்தட்ட முழுக்கக் கார்பன். காற்று தாராளமாகக் கிடைத்தால் எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகும். அதில் ஒரு கார்பனுக்கு இரண்டு ஆக்சிஜன். உலைக்குள் கரி நிறைய, காற்று குறைவு. எரிந்து உண்டான கார்பன் டை ஆக்சைடு மேலே போகும்போது சிவந்து கனலும் கரித்துண்டுகளுக்கு நடுவே புகுந்து போயாக வேண்டும். அப்போது இன்னொரு கார்பன் வந்து சேர்ந்து இரண்டு கார்பன் மோனாக்சைடு ஆகிவிடுகிறது. இப்போது ஒரு கார்பனுக்கு ஒரே ஆக்சிஜன்தான். அதற்கு இன்னொன்று வேண்டும். பக்கத்தில் இருக்கும் தாதுவிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

கணக்கு எளிது. ஹேமடைட்டில் இரண்டு இரும்பு, மூன்று ஆக்சிஜன் என்றோமே? மூன்று கார்பன் மோனாக்சைடு வந்து ஆளுக்கு ஒரு ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மூன்று கார்பன் டை ஆக்சைடாகப் புகையோடு போய்விடும். இரண்டு இரும்பு அணுக்கள் தனியாக மிஞ்சும். ஒரே மூச்சில் நடப்பதில்லை. சிவப்புத் தாது முதலில் கறுப்பு மேக்னடைட் ஆகும், பிறகு ஆக்சிஜன் இன்னும் குறைந்த ஒரு பொருளாக மாறும், கடைசியில் இரும்பு. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஆக்சிஜன் கழன்றுபோகிறது. வேதியியல் பாடத்தில் இதற்கு ஒடுக்கம் என்று பெயர்.

உலையில் மரக்கரிக்கு இரண்டு வேலை இருப்பதைக் கவனியுங்கள். சூடு தருவதும் அதுதான், ஆக்சிஜனைப் பிரிக்கும் வாயுவைத் தருவதும் அதுதான்.

கல்லுக்குள் வாயு எப்படிப் போகும்?

நல்ல கேள்வி. அதனால்தான் தாதுவை உலையில் போடுவதற்கு முன்பே திறந்த நெருப்பில் வறுத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகும், கல்லில் நுண்ணிய விரிசல்கள் விழும். வறுத்த தாதுவை லேசாகத் தட்டினாலே உடையும். அதைக் கடலை அளவு, நெல்லிக்காய் அளவுத் துண்டுகளாக்குவார்கள். பெரிய கட்டியாகப் போட்டால் வெளிப்பக்கம் இரும்பாகி உள்ளே கல்லாகவே நிற்கும். பொடியாகப் போட்டால் கரித்துண்டுகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டு வாயு ஏறவே வழி இருக்காது.

வெளிப்புறத்தில் ஆக்சிஜன் போகப் போக அங்கே சின்னச் சின்னத் துளைகள் உண்டாகின்றன. அந்தத் துளைகள் வழியே வாயு இன்னும் உள்ளே போகும். கொடியில் போட்ட ஈரத்துணி காய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போகிறது, துணி அப்படியே இருக்கிறது. துணி உருகவா செய்கிறது? தாதுவும் அப்படித்தான். ஆக்சிஜன் போய்விடும், இரும்பு திடமாக, துளை துளையாக, கிட்டத்தட்ட அதே வடிவத்தில் நிற்கும்.

எவ்வளவு சூடு வேண்டும்?

தூய இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். ஆக்சிஜனைப் பிரிக்க அவ்வளவு தேவையில்லை, 800 டிகிரி வந்தாலே வேலை நன்றாக நடக்கும். பழைய மண் உலைகளில் மிகவும் சூடான இடம் 1200, 1300 டிகிரி அளவில் இருக்கும். அதாவது இரும்பின் உருகுநிலையைத் தொடவே இல்லை. அன்றைக்கு வெப்பமானி ஏது? நெருப்பின் நிறம்தான் அளவு. மங்கிய சிவப்பு என்றால் போதாது, ஆரஞ்சு வந்தால் நெருங்கிவிட்டோம், வெளிர்மஞ்சள் என்றால் சரி.

உலை எப்படி இருக்கும்? ஒரு நாள் வேலையை முழுதாகச் சொல்லுங்களேன்.

இடத்துக்கு இடம் மாறும். பொதுவான ஒரு வடிவத்தைச் சொல்கிறேன்.

களிமண்ணோடு வைக்கோலும் மணலும் குழைத்துக் கட்டிய குழாய் போன்ற அடுப்பு. உங்கள் நெஞ்சு உயரம் இருக்கும். உள்ளே ஒரு முழம் அகலம்கூட இருக்காது. மேலே திறப்பு. அடிப்பக்கத்தில் ஒரு வாய், அதைக் களிமண்ணால் மூடியிருப்பார்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் சுடுமண் ஊதுகுழாய் ஒன்று சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்து உள்ளே போகும். அதன் வெளிமுனையில் துருத்தி.

காலையில் முதலில் விறகைப் போட்டு எரித்து உலையைக் காய வைப்பார்கள். ஈரச் சுவரோடு தொடங்கினால் வெடித்துவிடும். பிறகு உலை நிறைய மரக்கரி. துருத்தி ஓடத் தொடங்கும், அதன் பிறகு நிறுத்தக் கூடாது. கரி எரிந்து மட்டம் ஒரு சாண் இறங்கியதும் மேலே ஒரு கூடை கரி, அதன்மேல் கொஞ்சம் தாது. திரும்ப இறங்கியதும் திரும்பக் கரி, திரும்பத் தாது. கரியும் தாதுவும் ஏறக்குறைய எடைக்கு எடை. உலை வாயில் நீலமும் ஊதாவுமாக ஒரு சுடர் நின்று எரியும். அது மிஞ்சிய கார்பன் மோனாக்சைடு எரிவது. உள்ளே வாயு போதுமான அளவு இருக்கிறது என்பதற்கு அந்தச் சுடரே சாட்சி.

மதியத்துக்கு மேல் உலைக்குள் சத்தம் மாறும். ஊதுகுழாயின் வாய்க்கு முன்னால் கசடு, அதாவது தாதுவின் உருகிய அழுக்கு, தேங்கி 'களக் களக்' என்று கேட்கும். அடிவாயில் ஒரு துளை போட்டால் கசடு ஒழுகும். முதலில் மஞ்சளாக, தேன் போலக் கனத்து வந்து, தரையில் மடிப்பு மடிப்பாக விழுந்து, சிவந்து, கறுத்து இறுகும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத்தான் இரும்பு என்று நினைத்துக் கை தட்டுவார்கள். இரும்பு இன்னும் உள்ளேயே இருக்கிறது.

ஐந்தாறு மணி நேரமோ அதற்கு மேலோ ஆனபின் கரியை எரிந்து இறங்க விட்டு, அடிவாயை உடைத்துத் திறப்பார்கள். உள்ளே ஊதுகுழாய்க்குக் கீழே சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு கட்டி. நீளக் குறட்டால் பிடித்து, கடப்பாரையால் நெம்பி வெளியே இழுப்பார்கள். கரடுமுரடாக, துளை துளையாக, இடுக்கெல்லாம் கசடும் கரியும் சிக்கி, மஞ்சள் வெளிச்சத்தோடு இருக்கும். கடற்பஞ்சு போல் இருப்பதால் பஞ்சிரும்பு என்கிறார்கள். அதுதான் இரும்பு.

கசடு உருகியதே! அதே உலையில் இரும்பு மட்டும் ஏன் உருகவில்லை?

தாதுவோடு கொஞ்சம் மணலும் மண்ணும் எப்போதும் வரும். மணல் தனியாக உருக 1700 டிகிரி வேண்டும். ஆனால் ஆக்சிஜன் இன்னும் முழுதாகப் போகாத இரும்புத் தாதுவோடு மணல் சேர்ந்தால், அந்தக் கலவை 1200 டிகிரியிலேயே உருகிவிடும். தனித்தனியாக உருகாத இரண்டும் சேர்ந்ததும் எளிதாக உருகுகின்றன. உலையின் சூடு 1200-ஐத் தாண்டி, 1538-ஐத் தொடாமல் இருப்பதால் அழுக்கு திரவமாக ஓடிவிடுகிறது, இரும்பு திடமாக நின்றுவிடுகிறது. இந்த முறையின் மூளையே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. மணலை வெளியேற்றக் கொஞ்சம் இரும்பைப் பலி கொடுக்க வேண்டும். பழைய கசட்டை இன்று சோதித்தால் அதன் எடையில் பாதியளவுக்கு இரும்பு இருப்பது சாதாரணம். இத்தாலியில் பொப்புலோனியா என்ற கடலோர ஊரில் எட்ருஸ்கன் மக்கள் விட்டுப்போன கசட்டு மேடுகளை 20-ஆம் நூற்றாண்டில் தோண்டி எடுத்துக்கொண்டுபோய் ஊது உலையில் போட்டு மறுபடி இரும்பு எடுத்தார்கள்.

உருகாத இரும்புத் துணுக்குகள் எப்படி ஒரே கட்டியாக ஒட்டின?

நன்றாகக் காய்ந்த இரும்பு மென்மையாக இருக்கும். அந்தச் சூட்டில் சுத்தமான இரண்டு இரும்புப் பரப்புகள் ஒன்றையொன்று தொட்டால், அணுக்கள் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் நகர்ந்து இரண்டும் ஒன்றாகிவிடும். உலையின் அடியில் துணுக்குகள் வந்து சேரச் சேர இப்படி ஒட்டிக்கொண்டே கட்டி வளர்கிறது. சுற்றிலும் உருகிய கசடு இருப்பதும் நல்லதுதான். இரும்பின் மேல் காற்று படாமல், மறுபடி ஆக்சிஜன் ஏறாமல் காக்கிறது.

அரைகுறையாக ஒட்டியதை முழுதாக ஒட்ட வைப்பது சம்மட்டி. முதல் அடிகள் மெதுவாக விழ வேண்டும். மரக்கட்டையின் மேல் வைத்து, மரச் சம்மட்டியால் தட்டுவதும் உண்டு. எடுத்த எடுப்பில் ஓங்கி அடித்தால் கட்டி சிதறிப்போகும். தட்டத் தட்ட இடுக்குகளிலிருந்து கசடு பிதுங்கிப் பொறியாகத் தெறிக்கும். ஆறியதும் மறுபடி நெருப்பு, மறுபடி பட்டறைக்கல், மறுபடி அடி. நீட்டி, மடித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடிப்பார்கள். உலையிலிருந்து எடுத்தபோது இருந்த எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இப்படியே குறைந்துவிடும். அதன்பிறகுதான் கையில் ஒரு இரும்புப் பாளம். கொல்லர்களின் உழைப்பில் பாதி உலையில் போனது என்றால் மீதிப் பாதி இங்கே போனது. அந்த உழைப்பைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசுகிறோம் என்பது என் ஆதங்கம்.

மணிக்கணக்கில் துருத்தி ஊதினால் கை ஓய்ந்து போகாதா?

போகும். அதனால்தான் ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு வழி கண்டுபிடித்தது.

மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கம் அகரியா என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். இரும்பு எடுப்பதே அவர்களின் குலத்தொழில். அவர்கள் துருத்தியைக் காலால் மிதித்தார்கள். தோல் கட்டிய இரண்டு மரக் குடுவைகள், அவற்றின் மேல் ஆள் நிற்பார். இடது காலை அழுத்தினால் ஒன்றிலிருந்து காற்று உலைக்குப் போகும். வலது காலை அழுத்தும்போது அது மேலே எழுந்து காற்றை நிரப்பிக்கொள்ளும். எழுப்பிவிடுவது வில்லாக வளைத்துக் கயிறு கட்டிய மூங்கில் கழி. ஆள் நடப்பதுபோல் கால் மாற்றிக்கொண்டே இருந்தால் காற்று அறாமல் வரும்.

இலங்கையில் பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ என்ற இடத்தில் இன்னும் வியப்பான ஒன்று. அங்கே துருத்தியே கிடையாது. மலைச்சரிவில் மேற்குப் பார்த்து உலைகளைக் கட்டினார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று உலையின் முன்சுவரைத் தாண்டி மேலே வேகமாகப் போகும்போது, உலைவாயில் காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப, கீழே இருக்கும் துளைகள் வழியே காற்று தானாக உள்ளே இழுக்கப்படுகிறது. 7-ஆம் நூற்றாண்டிலிருந்து 11-ஆம் நூற்றாண்டு வரை இப்படி இரும்பும் எஃகும் எடுத்திருக்கிறார்கள். தொல்லியல் ஆய்வாளர் கில் ஜுலெஃப் 1994-இல் அதே இடத்தில் அதேபோல் உலை கட்டி, காற்று வீசும் பருவத்தில் எரித்துக் காட்டினார். உலை வேலை செய்தது. 1996-இல் அந்த ஆய்வு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. காற்றை மட்டும் நம்பி உலை எரியும் என்று அதுவரை பலரும் நம்பவில்லை.

உலை தெரியாமல் அதிகம் சூடாகிவிட்டால்?

அப்போது இரும்பு கரியிலிருந்து கார்பனை இழுத்துக்கொள்ளும். கார்பன் ஏற ஏற இரும்பின் உருகுநிலை இறங்கும். நூற்றுக்கு 4 பங்கு கார்பன் கலந்துவிட்டால் 1150 டிகிரி அளவிலேயே உருகி ஓடும். இதுதான் வார்ப்பிரும்பு. ஆறியபின் சம்மட்டியால் அடித்தால் மண்பானை மாதிரி உடையும். அடித்து உருவாக்கும் கொல்லருக்கு அது உதவாது.

சீனர்கள் மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இதை அச்சில் வார்த்துக் கொழுவும் சட்டியும் செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஐரோப்பாவுக்கு அது வந்து சேர இடைக்காலம் ஆயிற்று. இன்றைய ஊது உலை அந்த வழியில் வளர்ந்தது.

உருக்காமல் எடுத்த இரும்பு உறுதியாக இருக்குமா?

டெல்லியில் மெஹ்ரௌலிக்குப் போனால் குதுப் மினார் வளாகத்தில் ஒரு இரும்புத் தூண் நிற்கிறது. 7 மீட்டருக்குச் சற்று அதிக உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, வயது சுமார் 1600 ஆண்டு. குப்தர் காலத்தது. அதை வார்த்து ஊற்றவில்லை. பஞ்சிரும்புக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, ஒன்றோடொன்று ஒட்டியே அவ்வளவு பெரிய தூணை எழுப்பியிருக்கிறார்கள். திறந்தவெளியில் இத்தனை மழையிலும் அது பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இதை ஆராய்ந்தார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் தூணின் மேல் மெல்லிய ஒரு காப்புப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது என்றார்.

மற்றபடி, கார்பன் இல்லாத இரும்பு மென்மையானது. ஆணி, கொண்டி, வண்டிப்பட்டைக்கு நன்றாக இருக்கும். கத்திக்குக் கூர் நிற்காது. கத்திக்கு எஃகு வேண்டும், அதாவது கொஞ்சம் கார்பன் சேர்ந்த இரும்பு. அதற்குத் தென்னிந்தியாவில் ஒரு தனி வழி இருந்தது. பஞ்சிரும்பை அடித்துச் சுத்தம் செய்து, துண்டாக்கி, மரத்துண்டுகளோடும் இலைகளோடும் மூசை என்னும் களிமண் குடுவைக்குள் வைத்து வாயைப் பூசி, பல மணி நேரம் கடும் நெருப்பில் வைப்பார்கள். இங்கேதான் இரும்பு உருகும். ஆனால் பாருங்கள், தாதுவிலிருந்து இரும்பு பிரிந்த வேலை அதற்கு முன்பே உருகாமல் முடிந்துவிட்டது. வூட்ஸ் என்று உலகப் புகழ் பெற்ற எஃகு இப்படி வந்ததுதான். பழைய தென்னாற்காட்டுப் பகுதியில் மேல்சிறுவளூரில் இந்த மூசைகளின் உடைந்த ஓடுகளை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டெடுத்து ஆராய்ந்திருக்கிறார்.

தமிழ்நாட்டில் எப்போதிலிருந்து இரும்பு இருக்கிறது?

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்போடு கிடைத்த சான்றுகளின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு தொல்லியல் துறை இன்னும் பின்னால் போனது: தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 3345. உலகம் முழுவதும் உள்ள ஆய்வாளர்கள் இதைத் தொடர்ந்து விவாதிக்கிறார்கள், அப்படி விவாதிப்பதுதான் அறிவியல். நொய்யல் கரையில் கொடுமணலில் உலை இருந்த தடயங்களும் கசடுகளும் கிடைத்திருக்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர் இரும்புக் கருவிகளைப் பார்க்கலாம்.

எங்கள் ஊர் மேட்டில் கறுப்பாக, கனமாக, நெளி நெளியாக ஒரு கல் கிடக்கிறது. அது என்ன?

கசடாக இருக்கலாம். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம், மேலே குழம்பு ஓடி மடிந்த தடம், உடைந்த பக்கத்தில் குமிழித் துளைகள் என்றால் பெரும்பாலும் அதுதான். இரும்புப் பொருள் மண்ணில் துருப்பிடித்துக் கரைந்துவிடும். கசடு கரையாது. அதனால் தொல்லியலாளர்களுக்கு வாளைவிடக் கசடு பெரிய சாட்சி: இங்கே இரும்பை வாங்கிவரவில்லை, இங்கேயே எடுத்தார்கள் என்று அது சொல்கிறது. பார்த்த இடத்திலேயே விட்டுவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். எந்த இடத்தில், எந்த மண்ணில் கிடந்தது என்ற விவரம்தான் அதன் மதிப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால் அது வெறும் கல்.

இவ்வளவு நல்ல முறை என்றால் ஏன் நின்றுபோனது?

ஒரு நாள் முழுக்க உழைத்தால் சில கிலோதான் கிடைக்கும். ஒரு கிலோ மரக்கரிக்கு நாலைந்து கிலோ விறகு வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து ஊது உலை இரும்பு மலிவாக வந்து இறங்கியது. 1882-இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தபின் கரிக்கு மரம் வெட்டுவதும் கடினமாயிற்று. சேலம் பகுதி மண் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்தக் குடும்பங்களின் கைப்பழக்கம் எழுதி வைக்கப்படாமலே போனது பெரிய இழப்பு.

ஜப்பானில் விட்டுவிடவில்லை. ஷிமானே மாகாணத்தில் ஒக்குயிசுமோ என்ற ஊரில் தத்தாரா என்னும் பழைய உலையை 1977-இல் மீட்டெடுத்தார்கள். குளிர்காலத்தில் மூன்று பகல் மூன்று இரவு எரியும். இரும்பு மணல் 10 டன், மரக்கரி 12 டன் அளவுக்குப் போகும். முடிவில் உலையை உடைத்து, அடியில் கிடக்கும் இரண்டரை டன் பாளத்தை எடுப்பார்கள். ஜப்பானிய வாள் செய்பவர்களுக்கு அந்த எஃகுதான் வேண்டும்.

இன்றைய ஆலைகளில் உருக்காமல் எடுக்கிறார்களா?

எடுக்கிறார்கள், அதுவும் உலகிலேயே அதிகமாக இந்தியாவில். 'ஸ்பாஞ்ச் அயர்ன்' என்று நாளிதழில் வருவது இதுதான். ராய்ப்பூர், ஒடிசா, பல்லாரி பக்கமெல்லாம் இந்த ஆலைகள் உண்டு. சற்றே சாய்ந்து படுத்திருக்கும் நீண்ட இரும்புக் குழல் மெல்லச் சுழலும். ஒரு முனையில் தாதுவும் நிலக்கரியும் போகும். உள்ளே 1000 டிகிரிக்குச் சற்று மேலே சூடு. மறுமுனையில் வெளியே வந்து ஆறியபின், காந்தத்தை வைத்து இரும்பை எடுத்துவிட்டு மிஞ்சிய கரியைப் பிரித்துவிடுவார்கள். ஊது உலைக்குத் தேவையான கோக் நிலக்கரி நம் நாட்டில் குறைவு, சாதாரண நிலக்கரி நிறைய. அதனால்தான் இந்த வழி இங்கே பிடித்துக்கொண்டது. இன்றைய தெலங்கானாவில் இருக்கும் பாலோஞ்சாவில் 1980-இல் தொடங்கியது. வளைகுடா நாடுகளில் நிலக்கரிக்குப் பதில் இயற்கை எரிவாயு. கிடைத்த பஞ்சிரும்பை மின் உலையில் உருக்கிக் கட்டடக் கம்பி செய்கிறார்கள்.

துளை துளையான இந்த இரும்பு மழையில் நனைந்தால் ஆக்சிஜனோடு வேகமாகச் சேர்ந்து சூடாகும், குவியலே தீப்பிடிக்கவும் கூடும். கப்பலில் ஏற்றுபவர்கள் அதற்குப் பயந்து சூட்டோடு அழுத்திக் கட்டிகளாக்கி அனுப்புகிறார்கள்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஹைட்ரஜன். உலகில் எஃகுத் தொழில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு மிக அதிகம். கார்பன் மோனாக்சைடுக்குப் பதில் ஹைட்ரஜனை அனுப்பினால் அதுவும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆனால் புகைபோக்கியில் வருவது நீராவி. சுவீடனில் லூலியோ நகரில் ஹைபிரிட் என்ற திட்டத்தின் சோதனை ஆலை 2020-இல் தொடங்கி, அடுத்த ஆண்டே ஹைட்ரஜனால் பஞ்சிரும்பு எடுத்துக் காட்டியது. சிக்கலும் உண்டு. கார்பன் மோனாக்சைடு வேலை செய்யும்போது கொஞ்சம் வெப்பம் வெளிவரும், ஹைட்ரஜன் வேலை செய்ய வெப்பத்தை வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க மின்சாரமும் ஏராளமாக வேண்டும். அந்த மின்சாரம் காற்றிலிருந்தோ சூரியனிலிருந்தோ ஆற்று நீரிலிருந்தோ வந்தால்தான் பயன்.

வீட்டில் ஒரு சின்ன உலை செய்து பார்க்கலாமா?

கூடாது. சூடு ஒரு ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு: நிறமில்லை, மணமில்லை, மூச்சில் போனால் மயக்கம் வந்து உயிரே போகும். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

ஆனால் பாதுகாப்பாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, ஆற்று மணலிலோ கடற்கரையில் கறுப்பாகப் படிந்திருக்கும் மணலிலோ மெல்லத் துழாவுங்கள். பையில் மயிர்க்கூச்செறிந்ததுபோல் ஒட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் மேக்னடைட். காகிதத்தின் மேல் பிடித்துக்கொண்டு காந்தத்தைப் பைக்குள்ளிருந்து எடுத்துவிட்டால் மணல் கொட்டிவிடும். கறுப்பாக இருந்தும் சாதாரணக் காந்தத்தில் ஒட்டாத மணலும் இருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நிறையக் கிடைக்கும் இல்மனைட் அப்படிப்பட்டது. அதில் டைட்டேனியம் கலந்திருக்கிறது. இரண்டையும் தனித்தனித் தீப்பெட்டியில் போட்டு, எந்தக் கரையில் எடுத்தது என்று மேலே எழுதி வைத்து, பள்ளிக்கு எடுத்துப் போங்கள்.